வெடித்த ஹோஸை வீசிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் வாகனங்களைப் பராமரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான குறிப்புகளைப் படித்தேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று அதில் இரண்டே வரிகள் இருந்தன. ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது ஒன்று. ரேடியேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்தால் உடனே புதியது மாற்றிவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது வரியை அப்படியே பின்பற்றிப் பதினான்கு மாதங்களில் மூன்று ஹோஸ் மாற்றியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த வரிக்கு முன்னால் இன்னொன்று இருந்திருக்க வேண்டும். வெடித்த ஹோஸைக் குப்பையில் வீசாமல் எடுத்து வைத்து, அது எந்த இடத்தில், எந்த விதமாகக் கிழிந்திருக்கிறது என்று பார்த்த பிறகே புதியதை மாட்ட வேண்டும்.

என்னிடம் இருப்பது 1978-இல் என் தந்தையார் வாங்கிய அம்பாசடர் மார்க் 3. 1489 சிசி பெட்ரோல் என்ஜின். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோன பிறகும், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மாதம் இரண்டு மூன்று முறையாவது இதில்தான் போய்வருகிறேன். ஆல்பேட்டைப் பாலத்தைத் தாண்டி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போகிற அந்தச் சாலையில் முன்பெல்லாம் அரை மணி நேரப் பயணம். இப்போது நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. பழைய என்ஜினுக்கு இந்த ஊர்தலும் நிற்றலும்தான் உண்மையான சோதனை.

முதல் ஹோஸ் வெடித்தது கிருமாம்பாக்கத்துக்கு அருகில், ஒரு ஏப்ரல் மாத மதியத்தில். வெப்பமானியின் முள் மெல்ல ஏறிக்கொண்டே வந்து, பிறகு சட்டென்று கீழே இறங்கியது. காற்று பட்டு வண்டி ஆறிவிட்டது என்று எண்ணி நான் மகிழ்ந்தது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால், தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டிய உணர்கருவி வெறும் ஆவியில் நிற்கும்; அப்போது அது காட்டும் அளவு பொய்யாகிவிடும். முள் ஏறினால் நிறுத்த வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். காரணமில்லாமல் முள் இறங்கினால் அதைவிட விரைவாக நிறுத்த வேண்டும் என்பதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். பானட்டைத் திறந்தபோது ரேடியேட்டரின் மேல் ஹோஸ், என்ஜின் பக்கத்து முனையில், ஓர் அங்குல நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. என்ஜின் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் தப்பியது என் நல்வினை.

புதிய ஹோஸ் மாட்டினேன். ஆறாவது மாதம், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அதே முனையில் மீண்டும் பிளந்தது. அடுத்த எட்டு மாதங்களில் மூன்றாவதும் போயிற்று. ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைத்த விளக்கம் ஒன்றே: "டூப்ளிகேட் மால் சார், இப்பல்லாம் ஒரிஜினல் எங்க வருது?" உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இந்த விளக்கம் எப்போதும் பொருந்திவிடும் என்பதுதான் அதன் வசதி. போலிச் சரக்கு சந்தையில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வேறு கடைகளில் வாங்கிய மூன்று ஹோஸ்கள் அதே அங்குலத்தில் கிழியுமானால், குற்றம் ரப்பரில் இல்லை.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கம் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். மூன்றாவது ஹோஸை, எதற்கென்று தெரியாமலே, டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி, நீளவாக்கில் கத்தியால் பிளந்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "உள்ளே ரப்பர் நல்லாத்தான் இருக்கு சார். ரப்பரைத் திட்டாதீங்க. மூடியைக் கழற்றிக் கொடுங்க," என்றார். வண்டி ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் தலையில் 0.9 என்று பொறித்திருந்தது.

அந்த எண்ணின் பொருளை வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி அன்று. அது ஒரு வால்வு. உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்வரை அது திறக்காது. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் ஏறும் என்பதால், கொதிக்காமல் ஓட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. நம் பழைய கார்களின் மூடிகளில் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 பவுண்டு என்றுதான் இருக்கும். 7 பவுண்டு மூடி போட்டால் வெறும் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 0.9 என்பது பார் என்ற அழுத்த அலகில் இன்றைய கார்களுக்கான அளவு. பவுண்டுக் கணக்கில் ஏறத்தாழ 13. அதில் கொதிநிலை 119 டிகிரியை எட்டும். கேட்க நல்லதாகத்தான் தோன்றும். ஆனால் ஹோஸும் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும் ஈயப்பற்று வைத்த பித்தளை ரேடியேட்டரும் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறதே, அதை யார் எண்ணிப் பார்த்தார்கள்? பழைய மூடி எப்போதோ தொலைந்துபோய், வாய் அளவு பொருந்துகிறது என்று புதிய கார் மூடி ஒன்றை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அது நானாகவும் இருக்கலாம், நினைவில்லை. ரேடியேட்டரின் மேல்தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்புக்கோட்டைப் பெரியவர் நகத்தால் சுரண்டிக் காட்டினார். ஹோஸுக்கு அடுத்து அந்த ஓரம்தான் பிளந்திருக்கும்.

ஆனால் அழுத்தம் மட்டுமே காரணமானால் ஹோஸ் எங்கு வேண்டுமானாலும் கிழியலாமே, ஏன் அதே முனையில் கிழிய வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். என்ஜின் ஒரு பக்கமாகத் துள்ளிச் சாய்ந்தது. அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்கள் நசுங்கித் தோசையாகியிருந்தன. ரேடியேட்டர் சட்டத்தோடு இறுகி அசையாமல் நிற்கிறது. என்ஜினோ ஒவ்வொரு கிளட்சுக்கும் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹோஸ்தான் அந்த ஆட்டம் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது, அதிலும் கிளிப் கடித்திருக்கும் விளிம்பில். மூடியையும் மவுண்டிங்கையும் மாற்றி இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. நான்காவது ஹோஸ் இன்னும் அப்படியே இருக்கிறது. அதுவும் அந்த ‘டூப்ளிகேட்’ ரகம்தான்.

அன்றிலிருந்து யாருடைய பழைய ஹோஸைக் கண்டாலும் வாங்கிப் பிளந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. என் வீட்டார் இதை ஒரு நோய் என்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

கிளிப் இருந்த இடத்தில் வட்டமாக அறுந்திருந்தால், பெரும்பாலும் அளவுக்கு மீறி முறுக்கிய கைதான் காரணம். ஒழுகுகிறது என்று இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள், மறுபடி ஒழுகும், மறுபடி முறுக்குவார்கள். உண்மையில் ஒழுகுவது தளர்வினால் அன்று. உள்ளே இருக்கும் உலோகக் கழுத்து அரித்துக் குழிகுழியாக இருப்பதனால். கழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்காமல் எந்தக் கிளிப்பும் அங்கே பிடிக்காது. ஹோஸ் ஓரிடத்தில் மட்டும் உப்பிப் பஞ்சுபோல அமுங்கினால், மேலே எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இன்றைய ஹோஸ்களில் பெரும்பாலானவை இபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. வெப்பத்தை அது நன்றாகத் தாங்கும்; ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். என்ஜின் முன்பக்க ஆயில் சீல் ஒழுகி, ஃபேன் பெல்ட் அந்த எண்ணெயைக் கீழ் ஹோஸின் மீது தெளித்துக்கொண்டிருந்த ஒரு வண்டியைக் கண்டிருக்கிறேன். அங்கே ஹோஸை எத்தனை முறை மாற்றினாலும் சீலை மாற்றும்வரை பயனில்லை.

இவற்றைவிட ஏமாற்றக்கூடியது, வெளியே புத்தம்புதிதாகத் தெரிந்து உள்ளிருந்து செல்லரிக்கும் ஹோஸ். ரேடியேட்டரின் உலோகமும், என்ஜினின் உலோகமும், நடுவில் ஓடும் குளிர்விக்கும் திரவமான கூலண்டும் சேர்ந்து ஒரு மெலிந்த பேட்டரியைப் போலச் செயல்படும்போது, ரப்பரின் உட்சுவரில் மயிரிழை விரிசல்கள் நீளவாக்கில் ஓடத் தொடங்குகின்றன. ஹோஸ் தயாரிப்பாளரான கேட்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதை ஆராய்ந்து மின்வேதியியல் சிதைவு என்று பெயரிட்டார்கள். உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனைகளிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டருக்குள் இது அதிகம்; அதிலும் சூடு மிகுந்த மேல் ஹோஸில் விரைவில் வரும். கண்டறிய கருவி எதுவும் வேண்டாம். வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது, முனைக்கு அருகில் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளி அமுக்க வேண்டும். பிறகு ஹோஸின் நடுப்பகுதியை அதேபோல் அமுக்க வேண்டும். நடுவில் கெட்டியாகவும் முனையில் குழைவாகவும் இருந்தால், அல்லது உள்ளே பள்ளங்கள் தட்டுப்பட்டால், அதற்குக் காலம் முடிந்தது. முழுக் கையால் நடுவில் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வோர்தான் அதிகம்.

கீழ் ஹோஸ் வேறு சாதி. அது வெடிப்பதைவிட நசுங்குவதுதான் வழக்கம். என் மைத்துனரின் பிரீமியர் பத்மினி கடலூர் ஊருக்குள் எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழுபதைத் தொட்டால் கொதிக்கும். நெரிசலில் சூடாகி வேகத்தில் ஆற வேண்டிய வண்டி தலைகீழாக நடக்கிறதே என்று அவர் ரேடியேட்டரை இரண்டு முறை அடைப்பு எடுத்தார். கடைசியில் வண்டியை நிறுத்தி வைத்து, ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, மற்றவர் குனிந்து கீழ் ஹோஸைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கீழ் ஹோஸ் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் இருப்பது. வேகம் கூடும்போது பம்ப் பலமாக இழுக்கிறது. தளர்ந்துபோன ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டு தண்ணீரின் வழியை அடைத்துவிடுகிறது. வேகம் குறைந்ததும் மீண்டும் உருண்டுவிடுவதால், நின்ற வண்டியில் தேடினால் குற்றம் அகப்படாது. இதைத் தடுக்கத்தான் பல கீழ் ஹோஸ்களுக்குள் சுருள் கம்பி ஒன்று வைப்பார்கள். கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருக்கலாம். ஹோஸ் மாற்றியவர் கம்பியை மறந்தும் இருக்கலாம்.

மேல் ஹோஸ் காலையில் சப்பிக் கிடந்தால் அது வேறு கதை. என்ஜின் ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, மூடியின் அடியில் ஒரு சிறு வால்வு திறந்து காற்றையோ தண்ணீரையோ உள்ளே விட வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் ஹோஸ் உள்வாங்கும். அங்கேயும் மாற்ற வேண்டியது மூடியே.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது இதற்கு நேர்மாறானது. இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் கிளப்பி, ஓரிரு நிமிடங்களுக்குள், தண்ணீர் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அந்த அழுத்தம் தண்ணீரிலிருந்து வந்ததன்று. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு பழுதாகி, அதன் வழியாக சிலிண்டரிலிருந்து வந்தது. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டால் தண்ணீரில் ஓயாமல் குமிழிகள் வரும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் ஐயமே வேண்டாம். இந்த நிலையில் ஹோஸ் மாற்றிக்கொண்டே இருப்பது, கொதிக்கும் பால் பொங்குகிறது என்று பாத்திரத்தை மாற்றுவதற்குச் சமம்.

இனி, தங்கள் குறிப்பின் முதல் வரிக்கு வருகிறேன். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் அது பராமரிப்பு அன்று, ஒழுகல். இன்னொன்றும் உண்டு. வழியும் நீரைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் மீள்தொட்டி இல்லாத பழைய ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினால், சூட்டில் விரியும் நீர் வழிகுழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். மறுநாள் குறைந்திருக்கிறது என்று மறுபடி கழுத்துவரை ஊற்றுவார்கள். உள்குழாய்கள் மூழ்கி, கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நின்றாலே போதும். தேவையில்லாமல் ஊற்றும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் புதிய காற்றையும் புதிய உப்பையும் உள்ளே கொண்டுபோகிறது. காற்று துருவாகிறது, உப்பு படிவாகிறது.

அந்த உப்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் கரையோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வரும் தண்ணீர் குடத்தில் வெள்ளைப் படலம் விடுகிறது. வாய் வைத்தால் கரிக்கிறது. குடிக்க ஒவ்வாத அந்தப் போர்த் தண்ணீரைத்தான் கார் கழுவும் குழாயிலிருந்து பிடித்து ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். மிகச் சூடான இடத்தில்தான் சுண்ணாம்புப் படிவு முதலில் ஒட்டும். என்ஜினுக்குள் மிகச் சூடான இடம் ஹெட். படிவு தடிக்கத் தடிக்க உலோகத்தின் சூடு தண்ணீருக்கு இறங்காது. குளோரைடு கலந்த உப்போ அலுமினிய முழங்கைக் குழாயை அரிக்கும். அந்த அரிப்புதான் மேலே சொன்ன குழிகுழியான கழுத்து. பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரும், நல்ல கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் இவ்வளவும் மிச்சம்.

கூலண்ட் ஊற்றிய பிறகுதான் வண்டி ஒழுகத் தொடங்கியது என்று பழைய கார்க்காரர்கள் பலர் குறைப்படுவதுண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. படிவும் துருவும் அடைத்து வைத்திருந்த பழைய ஓட்டைகளைக் கூலண்ட் திறந்து காட்டிவிடுகிறது. ஆகவே முதலில் ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகையும் என்ஜின் பிளாக்கில் உள்ள திருகையும் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை அலசிவிட்டு, ஹோஸ்களைப் பார்த்த பிறகே அதை ஊற்ற வேண்டும். வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்டிவிடக் கூடாது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, ஆனால் இனிக்கும். தெரு நாயும் கன்றுக்குட்டியும் நக்கினால் பிழைப்பது அரிது.

என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்து வைத்தியம். ‘வெயில் நாட்டுக்கு அது எதற்கு’ என்பார்கள். பழுதானால் மாற்றலாம், நல்லதை எறிவானேன்? முள் ஏறிக்கொண்டிருக்க மேல் ஹோஸ் மட்டும் தொட்டால் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது என்று பொருள். கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரோடு கொதிக்க வைத்தால், ஏறத்தாழ 82 டிகிரியில் அது வாய் திறப்பதை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம்.

வழியில் ஹோஸ் போனால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்கிறார்கள். முதலாவது, சூடான மூடியைத் திறக்கவே கூடாது. சாக்கைப் போட்டுத் திறக்கிறேன் என்பவர்களும் முகம் வெந்ததுண்டு. அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கிழிசல் கிளிப்புக்கு அருகில் என்றால், கெட்ட முனையை அறுத்துவிட்டு, நீளம் இடங்கொடுத்தால் மீண்டும் மாட்டலாம். நடுவில் என்றால், பஞ்சர் கடையில் ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கேட்டு வாங்கி, நாடாவாகக் கீறி, இழுத்து இழுத்துப் பல சுற்றுச் சுற்றி, மூடியை முழுவதும் இறுக்காமல் பாதித் திருகலில் வைத்து ஓட்டினால் அழுத்தம் ஏறாது. வீடு போய்ச் சேரலாம். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை வாகனக் குறிப்புகள் வெளியிடும்போது, வெடித்த ஹோஸின் படம் ஒன்றையும், அது எதனால் வெடித்தது என்ற விளக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். நம் பகுதித் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிலும் மாணவர்களுக்கும், புதிய ஹோஸை மாட்டக் கற்றுத் தருவதோடு, பழையதைப் பிளந்து பார்க்கவும் கற்றுத் தரலாம். அதற்கு மாதிரிகள் வேண்டுமென்றால், வட்டமாக அறுந்தது, எண்ணெயில் ஊறியது, உள்ளே செல்லரித்தது, சுருள் கம்பி துருப்பிடித்தது என்று பதினொரு ஹோஸ்கள் என் வீட்டுக் கொட்டகையில் தொங்குகின்றன. எந்த நிலையம் கேட்டாலும் என் செலவிலேயே கொண்டுவந்து தருகிறேன். 0.9 மூடியையும் சேர்த்து.

இப்படிக்கு,
அம்பாசடர் உரிமையாளர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.